தயவுசெய்து எங்களை நீக்குங்கள்

ஸ்கூட்டரில் போகும்போது அந்த மாமியாரும் மருமகளும் பேசாமல் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்று திரும்பிப் பார்த்தது.

வழக்கமாகப் பின்சீட்டிலிருந்து உத்தரவுகள் வந்துகொண்டே இருக்கும். "பள்ளம் வருது பாரு." "லாரிக்காரன் உன்னைப் பாக்கல, நீயாவது அவனைப் பாரு." "ஹாரன் அடிச்சா காசா கேக்கறாங்க? அடி!" அன்று அத்தை சாப்பாட்டுப் பைகளை மடியில் அணைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பைகளுக்கு அடியில் காக்கி நிறத்தில் ஒரு ஃபைல் தெரிந்தது. மருமகள் அது என்னவென்று கேட்கவில்லை.

கேட்கப் போனால் குரல் உடைந்துவிடும். அந்தப் பயம்.

விஷயம் இதுதான். போன வாரம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மெத்தைத் தொழிற்சாலையில் இனி மெத்தை மட்டும்தான். தலையணைப் பிரிவை மூடுகிறார்கள். தலையணையை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளப் போகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒன்பது பெண்களுக்கும் வேலை போகிறது. சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ். வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம் நஷ்டஈடு. நோட்டீஸை அவரவர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்க வேண்டியது பணியாளர் பிரிவு அதிகாரியின் வேலை.

அந்த அதிகாரி அவள்தான். அந்த ஒன்பது பேரில் மூத்தவள், பிரிவின் சூப்பர்வைசர், அவளுடைய மாமியார்.

"நாள் வர்ற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அவள் விடவில்லை. புருஷனிடம் மட்டும், அதுவும் படுக்கையறையில், போர்வைக்குள் குசுகுசுவென்று சொன்னாள். அவன் பூட்டு ரிப்பேர் செய்கிறவன். "என் வாயிக்குச் சாவியே கிடையாது" என்று சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாள் இன்று.

தொழிற்சாலை கேட் வந்ததும் ஸ்கூட்டர் நின்றது. அத்தை இறங்கினாள். சேலையை உதறிவிட்டுக்கொண்டாள்.

"வரேன் மேடம்" என்றாள்.

இது அத்தை போட்ட சட்டம். கேட்டுக்கு வெளியே 'நீ', 'வா', 'போ', 'உனக்கு அறிவிருக்கா' எல்லாம் உண்டு. கேட்டுக்கு உள்ளே 'மேடம்', 'நீங்க', 'சொல்லுங்க' மட்டும்தான். மருமகளும் உள்ளே போனால் "சூப்பர்வைசர்" என்றுதான் கூப்பிட வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷம் முன்னால் அவள் இங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த நாளில், ஒவ்வொரு பிரிவாகப் போய், "உங்களுக்கு ஏதாவது தேவை இருக்கா?" என்று நோட்டும் கையுமாகக் கேட்டாள். தலையணைப் பிரிவு சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு மருமகள் தேவைப்படுது. உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா மேடம்?" என்று கேட்டாள். ஆளெடுக்க வந்தவளையே எடுத்துக்கொண்டாள் என்று தொழிற்சாலை முழுக்கச் சிரித்தது. சிரித்த வாய்கள் நாளைக்கு வேறு ஏதாவது சொல்லக்கூடாதே என்றுதான் அந்தச் சட்டம்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தபோது அத்தை தன் பிரிவுக்குப் போகிற பாதையில் இல்லை. மாடிப்படியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். மாடியில் மேனேஜர் அறை ஒன்றுதான் இருக்கிறது.

கையில் ஃபைல் இல்லை.

"என்ன சூப்பர்வைசர், மேல?"

"சும்மா மேடம். சாருக்குப் பல் வலின்னு கேள்விப்பட்டேன். விசாரிச்சேன்."

அத்தை போய்விட்டாள். நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. எதையோ சாதித்துவிட்டவளின் நடை.

* * *

மேனேஜருக்குப் பல் வலி உண்மைதான். வலது கன்னம் வீங்கி, முகமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்ததும் வலித்தது. வலித்ததும் நிறுத்தினார். மறுபடி சிரித்தார்.

"வாங்க. உங்க வேலை மிச்சம். அந்த நோட்டீஸ் கவரெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க."

அவளுக்கு நெஞ்சு துள்ளியது. "பிரிவை மூடலையா சார்?"

"மூடறோம், மூடறோம். ஆனா யாரையும் நீக்க வேண்டியதில்ல." மேஜைமேல் இருந்த காகிதத் தட்டைக் காட்டினார். "அவங்களே போறாங்க."

தட்டில் ஒன்பது காகிதங்கள் இருந்தன. ஒன்பதையும் ஒரே கைதான் எழுதியிருந்தது. வீட்டுச் சமையலறைச் சுவரில் தினமும் 'பால் வாங்கு', 'கேஸ் சொல்லு' என்று எழுதி ஒட்டுகிற அதே குண்டுக் குண்டு எழுத்து. 'சொந்தக் காரணங்களால் என் வேலையை ராஜினாமா செய்கிறேன்.' கீழே மட்டும் வெவ்வேறு பெயர்கள், வெவ்வேறு கையொப்பங்கள். ஒன்றில் மட்டும் அடியில் ஒரு வரி கூடுதலாக இருந்தது: 'கேன்டீன் டீயில் இனிமேலாவது சர்க்கரை போடவும்.' அது அத்தையுடையது என்று பெயரைப் பார்க்காமலே தெரிந்தது.

"ஒருத்தரையும் நான் கேக்கல" என்றார் மேனேஜர். "கோயில் மாடு மாதிரி நான் பாட்டுக்கு உக்காந்திருந்தேன். அந்தம்மாவா வந்து குடுத்தாங்க. ராஜினாமான்னா நஷ்டஈடு கிடையாது, நோட்டீஸ் சம்பளம் கிடையாது. கம்பெனிக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா?"

"ஏத்துக்கிட்டதா கையெழுத்துப் போட்டுட்டீங்களா சார்?" என்றாள் அவள்.

"பேனாவே பிடிக்க முடியல. வலி உயிர் போகுது. மத்தியானம் பல்லைப் பிடுங்கிட்டு வந்து போடறேன்." காகிதங்கள் தட்டிலேயே இருக்க, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கன்னத்தைத் தாங்கியபடி படியிறங்கினார்.

அவள் அங்கேயே நின்றாள். அவரை மறித்துப் பேசி என்ன ஆகும்? ராஜினாமா கொடுத்தவர்கள்தான் திரும்பப் பெற முடியும். அவர் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் முடியும். போட்டுவிட்டால் முடியாது.

அத்தை இந்தத் தொழிற்சாலையில் சேரும்போது மகன் பூட்டுக்காரனுக்குப் பால் பல்கூட விழவில்லை. அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து வர வேண்டிய நஷ்டஈடு, ஒரு தட்டில், ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அவள் ஓடினாள்.

* * *

"மேடம், பிரிவுக்குள்ள ஓடாதீங்க. பஞ்சு பறக்கும்."

அத்தை ஒரு தலையணையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு குத்து. ஓரத்தில் ஒரு கிள்ளு. பிறகு முகவாயை அதன்மேல் வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடுவாள். தூக்கம் வருகிற மாதிரி இருந்தால் பாஸ். இல்லையென்றால் பிரித்து மறுபடி அடைக்க வேண்டும்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"என்ன மேடம் பண்ணோம்?"

"ராஜினாமா!"

தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோர் தலையிலும் வெள்ளைத் தொப்பி. புருவத்திலெல்லாம் பஞ்சு. எட்டு பேரும் ஒரு நல்ல காரியம் செய்து மாட்டிக்கொண்ட முகத்தோடு அத்தையைப் பார்த்தார்கள்.

"சொந்தக் காரணம் மேடம்" என்றாள் அத்தை.

"ஒன்பது பேருக்கும் ஒரே சொந்தக் காரணமா?"

"ஆமா. நாங்க ஒத்துமையா இருக்கோம்."

மூலையிலிருந்து லவுட்ஸ்பீக்கர் எழுந்தாள். உறை தைக்கிறவள். மெதுவாகப் பேசவே வராது, அதனால் அந்தப் பெயர். "அக்கா, மூடி மறைச்சு என்னத்துக்கு? மேடம், நீங்க நோட்டீஸ் குடுக்கப் போறீங்கன்னு எங்களுக்கு நாலு நாளா தெரியும்."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுச் சுவர்."

மருமகள் அத்தையைப் பார்த்தாள். அத்தை தலையணையைப் பார்த்தாள்.

"நான் ஒட்டுக் கேக்கல" என்றாள் அத்தை. "அவன் குசுகுசுன்னு பேசினா பக்கத்துத் தெருவுக்கே கேக்கும். சின்ன வயசிலேருந்தே அப்படி."

"கேட்டீங்கல்ல, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"எப்படிக் கேக்கறது? உங்களை யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நான் கேட்டா நீங்க சொல்ல வேண்டி வரும். சொன்னா உங்க வேலைக்கு ஆபத்து." அத்தை தலையணையைக் கீழே வைத்தாள். "நாலு நாளா தட்டுல சோறு அப்படியே இருக்கு. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கற சத்தம் கேக்குது. என்னை வேலைய விட்டு அனுப்பற காகிதத்தை உன் கையால எனக்குக் குடுக்கணும்னா, அதுக்கப்புறம் நீ எப்படி என் முகத்தைப் பார்ப்ப? அதான் நாங்களே எழுதிட்டோம். உன் கைக்கு அந்தப் பாவம் வேண்டாம்."

பிரிவே அமைதியானது. அத்தை பேசியதனால் இல்லை. கேட்டுக்கு உள்ளே அவள் முதல்முறையாக 'நீ' என்றதனால்.

மருமகளுக்குக் கண் நிறைந்தது. அழுதால் நேரம் போகும். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அத்தை, கேளுங்க. எல்லாரும் கேளுங்க. நீங்களா போனா நஷ்டஈடு ஒரு பைசா கிடையாது. அவங்க அனுப்பினா, நோட்டீஸ் உண்டு, வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம் உண்டு. நீங்க பாவம்னு நினைக்கிற அந்தக் காகிதம்தான் உங்களுக்குப் பணம் வாங்கிக் குடுக்கற காகிதம்."

அத்தைக்கு இது சுத்தமாக விளங்கவில்லை. "கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளறாங்க. அதுக்குக் காசு வேற குடுப்பாங்களா?"

"தள்ளறதுக்குத்தான் அத்தை காசு. கழுத்து வலிக்குமில்ல."

"நான் மரியாதையா போறேன்னு சொன்னா?"

"ரொம்ப சந்தோஷம், போயிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதான்."

லவுட்ஸ்பீக்கர் தொப்பியைக் கழற்றினாள். "அக்கா! எங்களுக்கு மரியாதை வேண்டாம். தள்ளச் சொல்லுங்க!"

பிரிவே வெடித்துச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவள் எட்டு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குப் பெண் காலேஜில் படிக்கிறாள். ஒருத்தி வீட்டு வாடகை பாக்கி. அத்தனை பேரும் அவள் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். என்ன ஏது என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

"நான் ஒரு முட்டாள்" என்றாள் மெதுவாக.

"இல்ல. என்கிட்ட கேக்காம விட்டதுதான் தப்பு."

"நீயும்தான் சொல்லாம விட்ட."

"சரி. ஆளுக்குப் பாதி."

"பாதி வாங்கிக்கிறேன்" என்றாள் அத்தை. "இப்ப என்ன பண்ணணும்? அதைச் சொல்லு."

* * *

சாப்பாட்டு மணி அடித்தபோது ஒன்பது வாபஸ் கடிதங்கள் தயாராக இருந்தன. இந்தத் தடவை மருமகள் அவரவரையே எழுத வைத்தாள். எழுதினதை அவரவரே சத்தமாகப் படித்தார்கள். லவுட்ஸ்பீக்கர் படித்தது சாலைக்குக் கேட்டது.

ஆனால் கொடுக்க ஆள் இல்லை. அறை பூட்டியிருந்தது.

"அதுக்கு நான் போன் போட்டு ஏற்பாடு பண்ணிட்டேன்" என்றாள் லவுட்ஸ்பீக்கர்.

கேட்டுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. கூரைமேல் ஆள் உயரத் தகரச் சாவி வெயிலில் மின்னியது. கருவிப் பையோடு பூட்டுக்காரன் குதித்து இறங்கினான்.

"எந்தப் பூட்டு? மாடியிலயா? நான் கண்ணை மூடிக்கிட்டுத் திறப்பேன். உள்ள போறோம், ஒன்பது காகிதத்தை எடுக்கறோம், வரோம்."

"திறந்த கையை ஒடிச்சுடுவேன்" என்றாள் அத்தை.

"அம்மா, உனக்காகத்தான்..."

"நான் உன்னைத் தொழில் கத்துக்க அனுப்பினது திருடறதுக்கா?"

மருமகள் அவன் பையை வாங்கி வேனுக்குள் வைத்தாள். "அறையைத் திறந்தா ஒழுங்கு நடவடிக்கை. நோட்டீஸ் இல்லாம, நஷ்டஈடு இல்லாம, அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பலாம். அதுக்கு இந்த ராஜினாமாவே தேவலை."

பூட்டுக்காரன் முகம் தொங்கிப் போனது. பாவம், வருஷத்தில் ஒருநாள்தான் வீட்டுப் பெண்களுக்கு அவன் தொழில் தேவைப்படுகிறது. அன்றைக்கும் வேண்டாம் என்கிறார்கள்.

"உன் பையைத்தான் வேண்டாம்னோம்" என்றாள் அத்தை. "வேன் வேணும். பல் டாக்டர் கிளினிக் எங்க இருக்குன்னு தெரியுமா?"

"போன மாசம் அவங்க பீரோவை நான்தானே திறந்தேன்!"

"ஏறுங்கடி."

ஒன்பது பேரும், மருமகளும், சாவிகளும், பூட்டுகளும், ஒரு பழைய இரும்புப் பெட்டியும் அந்த வேனுக்குள் எப்படி இருந்தன என்பது இன்றைக்கும் யாருக்கும் விளங்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஆயிரம் சாவிகள் குலுங்கின. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு சிரிப்பு. இரும்புப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்த அத்தை முன்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"பள்ளம் வருது பாரு! ஹாரன் அடி!"

மருமகளுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் நாலு நாள் பசி ஒரே நேரத்தில் எடுத்தது. பக்கத்திலிருந்தவள் நீட்டிய ரொட்டியை வாங்கி, கடித்து, மென்று, விழுங்கினாள்.

* * *

பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒரே ஒரு பெரியவர் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பியும் பஞ்சுப் புருவமுமாகப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்தார்கள்.

"எனக்கு முன்னாடி இத்தனை பேரா?" என்றார் அவர், அழாத குறையாக.

"எங்களுக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கு தாத்தா" என்றாள் லவுட்ஸ்பீக்கர். "வேலைதான் ஆடுது."

உள்ளே மேனேஜர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். பல் அப்போதுதான் வெளியே வந்திருந்தது. வாய் நிறையப் பஞ்சு. பாதி முகம் மரத்துப் போயிருந்தது. தலைமாட்டில் தன் தொழிற்சாலையின் ஒரு பிரிவே நிற்பதைப் பார்த்ததும், மருந்து அதிகமாகிவிட்டதோ என்பதுபோல டாக்டரைப் பார்த்தார்.

"அவரால பேச முடியாது" என்றாள் டாக்டர். "ஆனா காது கேக்கும். எழுதலாம்."

"அதுவே போதும் டாக்டர்" என்றாள் மருமகள்.

அவள் சுருக்கமாகச் சொன்னாள். தலையணைப் பிரிவு ஊழியர்கள் ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறார்கள். நீங்கள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே திரும்பப் பெறுவது செல்லும். இவை அவர்களுடைய கடிதங்கள். வாங்கிக்கொண்டதாக நகலில் கையெழுத்து வேண்டும்.

அத்தை முதல் ஆளாக முன்னால் வந்து, இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினாள்.

மேனேஜர் வாங்கவில்லை. டாக்டரின் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி எழுதினார். 'முதலாளிக்கு போன் செய்துவிட்டேன். எல்லோரும் தாங்களாகவே போகிறார்கள் என்று. ரொம்ப சந்தோஷப்பட்டார்.'

மருமகள் அதை வாசித்துக் காட்டினாள்.  சாவிக் குலுக்கல், சிரிப்பு எல்லாம் எங்கோ போய்விட்டன. மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். கெட்டவர் இல்லை. முதலாளியிடம் போய் 'நான் சொன்னது தப்பு' என்று சொல்ல வேண்டிய மனுஷன். அதற்குப் பல் பிடுங்குவதே மேல்.

அத்தை அவர் கழுத்தைக் கவனித்தாள்.

நாற்காலியின் தலைப்பக்கம் கட்டையாக இருந்தது. கழுத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளி. அத்தையால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இடுப்பிலிருந்த வேலைத்துணியை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். நடுவில் ஒரு குத்து. ஓரத்தில் ஒரு கிள்ளு.

"தலையைத் தூக்குங்க சார்."

அவர் தூக்கினார். அவள் கழுத்துக்கு அடியில் செருகினாள். தலை இறங்கியது. மேனேஜரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. மூக்கின் வழியாக நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"உங்களைச் சங்கடப்படுத்தணும்னு வரல சார்" என்றாள் அத்தை. "தெரியாமத்தான் எழுதினேன். எனக்கு மட்டும்னா போனா போகட்டும்னு விட்டிருப்பேன். இதுங்க எட்டும் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டுச்சுங்க. நீங்க எங்களை நீக்குங்க சார். தயவுசெஞ்சு நீக்குங்க."

பிறகு அவர் வாயைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் திரும்பினாள். "இது என்ன பஞ்சு? இவ்வளவு மட்டமா இருக்கு?"

மேனேஜரின் உடம்பு குலுங்கியது. முதலில் வலி என்று நினைத்தார்கள். சிரிப்பு. மரத்துப்போன பாதி முகம் அப்படியே இருக்க, மீதிப் பாதி சிரித்தது.

கையை நீட்டினார். பேனாவுக்காக.

ஒன்பது நகலிலும் கையெழுத்துப் போட்டார். கடைசியாகச் சீட்டைத் திருப்பி ஒரு வரி எழுதினார். 'நாளைக்கு எனக்கும் நோட்டீஸ் வரும். அப்போது எனக்காக யார் வருவார்கள்?'

லவுட்ஸ்பீக்கர் எட்டிப் படித்தாள். "வேன்ல இடம் இருக்கு சார்!"

* * *

சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் எல்லோரும் மெஷின் முன்னால் இருந்தார்கள்.

மருமகள் நோட்டீஸ் கவர்களை எடுத்துக்கொண்டு வந்தாள். நாலு நாளாக அந்தக் கவர்கள் அவள் மேஜை இழுப்பறையில் இருந்தன. இழுக்கும்போதெல்லாம் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்போது பரிசு கொடுக்கப் போகிறவள்போல நடந்து வந்தாள்.

"தலையணைப் பிரிவு சூப்பர்வைசர்."

"இருங்க மேடம்." அத்தை குழாயடியில் முகம் கழுவினாள். புருவத்துப் பஞ்சைத் தட்டிவிட்டாள். தலையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். "இப்பக் குடுங்க."

கொடுத்தாள். அத்தை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள், அவசரமே இல்லாமல். பிரிவே கைதட்டியது. ஒவ்வொரு பெயருக்கும் தட்டினார்கள். லவுட்ஸ்பீக்கர் பெயருக்கு அவளே விசிலடித்துக்கொண்டாள். பக்கத்து மெத்தைப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள், யாருக்கோ சம்பள உயர்வு என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு திரும்பிப் போனார்கள்.

"மேடம், ஒரு சந்தேகம்" என்றாள் அத்தை. "ஒரு மாச நோட்டீஸ்னா, இன்னும் ஒரு மாசம் நான்தானே இங்க சூப்பர்வைசர்?"

"ஆமா சூப்பர்வைசர்."

"கேட்டீங்களாடி? கைதட்டினது போதும். மெஷினைப் போடுங்க."

* * *

மாலையில் கேட்டைத் தாண்டியதும் அத்தை பின்சீட்டில் ஏறினாள்.

"காலையில உன்னை நீன்னுட்டேன், உள்ளேயே."

"பரவால்ல அத்தை."

"பரவால்ல இல்ல. நாளையிலேருந்து மறுபடி மேடம்தான். இன்னும் ஒரு மாசம் பாக்கியிருக்கு."

மருமகள் சிரித்தாள். "பணம் வந்ததும் என்ன பண்ணப் போறீங்க?"

"பகல்ல தூங்கப் போறேன்."

"அதுக்கு எதுக்குப் பணம்?"

"பணம் இல்லாதவங்களுக்குப் பகல்ல தூக்கம் வருமா? ஊருக்கெல்லாம் தலையணை செஞ்சேன். மத்தியானம் ஒருநாள் தலை சாய்ச்சதில்ல. உங்க மாமா தலையணைக்கு வருஷா வருஷம் புதுப் பஞ்சு அடைச்சு வைக்கிறேன். அது சும்மாதான் கிடக்கு. அதுல படுத்துத் தூங்கணும்."

மாமனார் இல்லாமல் போய்ப் பல வருஷம். வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. கட்டிலில் இரண்டு தலையணைகள் இருக்கும், அவ்வளவுதான்.  மருமகள் வண்டியைக் கொஞ்சம் நிதானமாக எடுத்தாள்.

முனை திரும்புவதற்குள் எதிரே ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றது. பின்கண்ணாடி இறங்கியது. புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருந்த முகம். முதலாளி.

"தலையணைப் பிரிவு சூப்பர்வைசர், மருமகளோட ஸ்கூட்டர்ல வருவாங்கன்னு சொன்னாங்க. தாங்களாவே வேலையை விட்டாங்களாமே, அந்த அம்மா நீங்கதானா? நேர்ல பார்த்து நன்றி சொல்லலாம்னு வந்தேன்."

மருமகள் வண்டியை ஓரம் கட்டினாள். மேனேஜருக்கு இன்னும் வாய் வரவில்லை போலிருக்கிறது.

அத்தை சாப்பாட்டுப் பையிலிருந்து நோட்டீஸ் கவரை எடுத்தாள். அவர் பார்க்கும்படி மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இல்லிங்க ஐயா. நான் வேலையிலிருந்து நீக்கப்பட்டவ. உங்க மேனேஜர் சொல்லுவார், பஞ்சை எடுத்ததும்." மருமகளின் தோளைத் தட்டினாள். "கிளம்பு."

கிளம்பினாள்.  முதலாளியின் முகம் எப்படி மாறியது என்று பார்க்கத் துணிச்சல் இல்லை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் பக்கவாட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். கறுப்புக் கார் தொழிற்சாலைக்குள் போகவில்லை. நடுத்தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி, அவர்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

"அத்தை, நம்ம பின்னாடி வராரு!"

"தெரியுது. நேரா பாத்து ஓட்டு."

"என்ன பண்றது?"

"என்ன பண்றதா?" அத்தை சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மெதுவா போ, பின்னாடியே வந்து சேரட்டும். அவருக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாது."